வேலிக்கு வெளியே அடித்த மருந்து

திராட்சைத் தோட்டத்துக்கு மாவுப்பூச்சியால் கேடு வரும், நத்தையால் வரும், மழையால் வரும். இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு: முன் அனுபவம் உள்ள ஆள். சந்தேகம் இருந்தால் என்னைப் பாருங்கள்.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி பெரியக்கா சொன்னார். "நல்லதா நாலு விஷயம் எழுதுங்கண்ணே" என்றார். உட்கார்ந்து யோசித்தேன். நல்லதாக ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. தவறுகளோ, கூப்பிடாமலே வரிசை கட்டி வந்து நின்றன. அவற்றில் பெரியதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். எப்படிக் கவாத்து செய்வது, எப்போது பழம் பறிப்பது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதற்குச் சின்னவர் எழுதிய கையேடு இருக்கிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு அறுவடை முடிந்துவிடும்.

நான் குளுவாங் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனை எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன். மருந்தடிக்கும் ஆட்களுக்கு மண்டோர், மேஸ்திரி மாதிரி. அதாவது, புல் எங்கே தலையைத் தூக்கினாலும் அதன் தலையில் களைக்கொல்லியை ஊற்றச் சம்பளம் வாங்கியவன். எஸ்டேட் கைமாறி ஆட்களைக் குறைத்தபோது, பத்து பகாட் கடலோரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் திராட்சை போட்டு ஒயின் செய்கிறது, மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தேன். மருந்தே அடிக்காத தோட்டத்துக்கு மருந்தடிக்கும் மண்டோரை வேலைக்கு எடுத்தது யார் குற்றம் என்று அந்தக் குடும்பத்தில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

குடும்பம் என்றால் பெரியக்காவும் அவர் தம்பி சின்னவரும்தான். பெரியக்கா என்னைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் இங்கே எல்லாருக்கும் பெரியக்கா, எனக்கும். நிலம் அவர் பொறுப்பு, ஒயின் சின்னவர் பொறுப்பு. இதில் இருவருக்கும் குழப்பமே கிடையாது. ஒருவர் பொறுப்பில் இன்னொருவர் யோசனை சொல்வதில்தான் பொழுது போகும். நத்தை தின்ன வாத்து வாங்கலாமா வேண்டாமா என்று பதினேழு நாள் விவாதித்தார்கள். வாங்கிய வாத்துகள் நத்தையை விட்டுவிட்டு, தாழ்வாகத் தொங்கிய திராட்சைக் கொத்துகளைத் தின்றன. அதைப் பற்றிப் பேச இன்னொரு பதினேழு நாள்.

கொடிகளுக்கு அடியில் புல் பூண்டு எல்லாம் வளரவேண்டும் என்பது பெரியக்காவின் சட்டம். வேர் மண்ணைப் பிடிக்குமாம். பூவுக்கு வரும் குளவி மாவுப்பூச்சியை ஒழிக்குமாம். எல்லாம் உண்மைதான், பிற்பாடு கண்ணால் பார்த்தேன். ஆனால் அப்போது முழங்கால் உயரம் நிற்கும் அந்தக் காட்டைப் பார்க்கிறபோதெல்லாம், குளிக்காமல் கல்யாணத்துக்கு வந்துவிட்ட மாதிரி எனக்கு உடம்பு கூசும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், புல்லுக்கும் சேர்த்தா இங்கே சம்பளம் கொடுக்கிறோம் என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்குச் சம்பளம் வேணாம்ணே," என்றார் பெரியக்கா. "உங்களவிட நல்லா வேலை செய்யுது."

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. துரை சுற்றிப் பார்க்க வருகிறார் என்றால், அவர் கார் போகும் சாலையோரத்தில் இரண்டு வரிசையைப் பளிச்சென்று ஆக்கிவிடுவோம். மூன்றாவது வரிசையில் புலி குட்டி போட்டிருந்தாலும் கவலையில்லை. துரை காரைவிட்டு இறங்கமாட்டார். இதை ஏமாற்று என்று நாங்கள் நினைத்ததே இல்லை. மரியாதை என்றுதான் நினைத்தோம். வருகிறவருக்கு வாசல் தெளிப்பது போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் வேண்டுமென்றால் தோட்டத்தில் மூன்று வருடம் ஒரு சொட்டு இரசாயனம் படக்கூடாது. படவில்லை. கடைசிப் பரிசோதனைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு சீன அம்மா வருவதாகத் தேதி வந்தது. அந்தக் காகிதம் கையில் இருந்தால்தான் சிங்கப்பூரில் இரண்டு உணவகங்கள் எங்கள் ஒயினை எடுக்கும். கிடைக்காவிட்டால் கொடிகளைப் பிடுங்கிவிட்டு நிலத்தைச் செம்பனைக்குக் கொடுத்துவிடுவது என்று அக்காவும் தம்பியும் முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போய் நான் பார்த்த முதல் விஷயம் அதுதான். அதனாலேயே எனக்குப் பயம் வந்தது.

பரிசோதனைக்கு எட்டு நாள் இருக்கும்போது, உறவில் ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்க இருவரும் தங்காக் போனார்கள். தோட்டம் என் கையில். கேட்டுக்கு வெளியே, கடற்பக்கத்துச் சாலைக்கும் எங்கள் வேலிக்கும் நடுவே, இடுப்பளவு லாலாங் புல் நின்றது. அந்த அம்மாவின் கார் நேராக அங்கேதான் வந்து நிற்கும். நான் கண்ணை மூடினாலும் அந்தப் புல்தான் தெரிந்தது.

மச்சானுடைய செம்பனைக்கு அடித்தது போக மீதி மருந்துக் கலவை என் வீட்டில் கிடந்தது. தோளில் மாட்டும் பம்பும் இருந்தது. சட்டம் வேலிக்கு உள்ளேதானே, வெளியே இருப்பது அரசாங்கத்து நிலம்தானே என்று நானே வக்கீலாக வாதாடி, நானே நீதிபதியாக விடுதலையும் கொடுத்தேன். ரொட்டி சானாய் சாப்பிட்டு, கடைக்காரரிடம் அரட்டையடித்து, பம்பை மாட்டும்போது மணி பதினொன்று.

குளுவாங்கில் பதினொரு மணிக்குச் செம்பனைக்குள் ஓர் ஓலை அசையாது. கடலோரத்தில் வெயில் ஏற ஏறக் கடல்காற்று எழும்பும். ஒன்றரை வருடம் இங்கே வேலை பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பம்பு தோளில் ஏறியதும் நான் குளுவாங்குக்குப் போய்விட்டேன். நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்கோட்டில், ஒரு சாண் பிசகாமல் அடித்துக்கொண்டு போனேன். பாதியில் கடற்பக்கமிருந்து குளுகுளுவென்று காற்று வந்தது. அருமையான காற்று என்று சட்டையின் மேல் பொத்தானைக்கூடக் கழற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள், வேலியை ஒட்டிய முதல் வரிசையில் இலைகள் சுருள ஆரம்பித்தன. விசிறியைப் பாதி மடக்கிய மாதிரி. சின்னவர் படம் எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். அடுத்த கால் மணி நேரத்தில் அத்தை, சித்தப்பா, ஈப்போவில் இருக்கும் பல் டாக்டர் என்று எல்லாரும் கருத்து சொன்னார்கள். எனக்குக் கருத்து தேவைப்படவில்லை. எஸ்டேட்டில் மருந்து காற்றில் பறந்து வீட்டுக் கத்தரிச் செடிகளில் பட்டால் இதே சுருள்தான் வரும். அதற்காக எத்தனை பெண்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

பெரியக்கா என்னைத்தான் கேட்டார். "இது என்னவா இருக்கும்ணே?"

"உப்பா இருக்கும்க்கா. கடல் தண்ணி உள்ள வந்திருக்கும்."

வாயைத் திறந்தேன், அது தானாக வந்தது. ஒரு முழு வினாடிகூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பேன்.

இப்போது கவனியுங்கள். பெரியக்கா கெட்டிக்காரி. அந்த மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது. ஆனால் இருபத்தெட்டு வருட அனுபவசாலி சொல்லிவிட்டாரே. பாரிட் என்று நாம் சொல்லும் அந்த வடிகாலின் மதகை அடைத்தார். இரண்டு நாள் தோட்டம் முழுக்க நடந்து, ஒவ்வோர் இடத்திலும் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை. இதற்குள் இரண்டாவது வரிசையிலும் மூன்றாவதிலும் இலை சுருண்டது.

உப்பு இல்லையென்றால் வைரஸ்தான் என்றார் சின்னவர். ஆஸ்திரேலியாவில் அவரோடு படித்தவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, வைரஸாக இருக்கலாம், இருந்தால் பரவுவதற்குள் வெட்டி எடுத்துவிடுங்கள் என்று சொன்னாராம். அந்த நாட்களில் நான் செய்த ஒரே வேலை தலையாட்டியது. உப்பு என்றபோது ஆட்டினேன். வைரஸ் என்றபோதும் ஆட்டினேன். எஸ்டேட்டில் துரைக்கு முன்னால் ஆட்டிப் பழகிய தலை. அதற்குத் தனியாக எண்ணெய் போடத் தேவையில்லை.

பெரியக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார். நோய் பின்னால் பரவினால் தோட்டமே போய்விடும். அதனால் சுருண்ட மூன்று வரிசையையும், முன்னெச்சரிக்கையாக அடுத்த இரண்டு வரிசையையும் அடியோடு வெட்டுவது. இரண்டு வரிசை நல்ல கொடி. அந்த ஐந்தும் அக்காவும் தம்பியும் முதன்முதலில் நட்டவை. காய் கறுக்கத் தொடங்கியிருந்தது. புதுத் துளிராவது நேராக வருமா என்று கடைசிவரை காத்துப் பார்ப்போம், வராவிட்டால் பரிசோதனை அன்று காலை, அந்த அம்மா வருவதற்கு முன் வெட்டிவிடுவோம் என்றார்.

துளிரும் சுருண்டே வந்தது.

அன்று காலை ஏழு மணிக்கு மரம் அறுக்கும் வாளும் கையுமாக நின்றோம். அந்த அம்மா பத்து மணிக்கு வருவார். பெரியக்கா முதல் கொடியின் தண்டில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. எங்கேருந்து ஆரம்பிச்சா மத்த கொடிக்குப் பாதகம் இல்ல?"

என் அனுபவத்தைக் கேட்கிறார். திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன்.

"வெட்ட வேணாம்க்கா. இது நோய் இல்ல. நான் அடிச்ச மருந்து."

அவர் கையை எடுக்கவில்லை. "எப்ப?"

"நீங்க தங்காக் போன அன்னிக்கு."

"உள்ளயா, வெளியயா?"

"வெளிய."

"காத்து?"

"உள்ள."

என்னிடம் இல்லை, அந்தக் கொடியிடம் சொல்வது போலச் சொன்னார். "ரெண்டு நாளா நான் பாரிட் தண்ணிய நக்கிக்கிட்டு இருந்தேன்."

இதற்குப் பிறகு பலர் பலவிதமாக என்னைத் திட்டியிருக்கிறார்கள். இது மாதிரி ஒன்றும் உறைக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இந்த இடத்தில்தான் இருக்கிறது. மருந்தடித்தது ஒரு தவறு. அது அரை மணி நேரத் தவறு. அதைச் சொல்லாமல் இருந்த நாட்களில், நல்ல கொடிகளை வெட்டும் முடிவுக்குப் பெரியக்கா வந்து நின்றார். அவர் யோசித்த ஒவ்வொரு படியும் சரிதான். அவருக்குத் தெரியவேண்டிய ஒரே விஷயம் என் வாய்க்குள் இருந்தது. தெரிந்ததை ஒருவன் விழுங்கிக்கொண்டால், பக்கத்தில் இருக்கும் கெட்டிக்காரர்களெல்லாம் முட்டாள்தனமாக நடந்துகொள்வார்கள். அதைப் பார்த்து அவன் உள்ளுக்குள் எரிச்சலும் படுவான். நான் பட்டேன். இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று, சத்தியமாக, சின்னவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

சின்னவருக்கோ முதலில் சந்தோஷம். வைரஸ் இல்லை. அடுத்த நிமிடமே யோசனை வந்துவிட்டது. "அப்பச் சுலபம்லா. பத்து மணிக்குள்ள சுருண்ட இலையக் கிள்ளிடலாம். யாருக்குத் தெரியும்?" சொல்லிக்கொண்டே கிள்ளவும் ஆரம்பித்தார்.

நான், சொல்லிவிடலாம், நானே அந்த அம்மாவிடம் சொல்கிறேன் என்றேன்.

சின்னவர் நிமிர்ந்தார். "உங்களுக்கு என்னாண்ணே, சொல்லிட்டு நல்ல மனுசனா வீட்டுக்குப் போயிடுவீங்க. போறது எங்க நிலம்."

அது உண்மை. தவறு செய்தவனுக்கு, சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும். அதன் பாரம் வேறு யார் தலையிலோ இறங்கும். ஒப்புக்கொள்வதில் பெருமைப்பட எதுவும் இல்லை என்று நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். பெரியக்கா வாளைக் கீழே வைத்தார்.

"கிள்ளாத," என்றார் தம்பியிடம். "தெரியாம முழிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்கு இப்பதான் தெரியும். அந்த அம்மாவையும் முழிக்க வைக்க வேணாம்."

"சான்றிதழ்?"

"வந்தா வரட்டும்."

சின்னவர் கிள்ளிய இலைகளைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்ப ஒட்டலாமா என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு முன்பே அந்த அம்மா வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி இறங்கினார். எங்கள் மூவரின் கண்ணும் உள்ளே, முதல் வரிசை இலைகளின் மேல் இருந்தது. அவரோ தோட்டத்தைப் பார்க்கவே இல்லை. காலடியில் பார்த்தார்.

அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். கேட்டிலிருந்து தோட்டத்தின் மறுகோடி வரை, வேலியோரம் முழுக்க லாலாங் செத்துப் பழுப்பாகக் கிடந்தது. நாலைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறிக்கொண்டிருந்திருக்கிறது. வெயில் காலம்தானே என்று தினமும் அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். எனக்கு அது பழுப்பாகவே தோன்றவில்லை. சுத்தமாகத் தோன்றியது.

சின்னவர் மலாயில் தொடங்கினார். இந்த வருடம் மழை குறைவு, புல்லெல்லாம் காய்ந்துவிட்டது என்று. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பழக்க தோஷம். அந்த அம்மா குனிந்து, செத்த புல் முடிந்து பச்சைப் புல் தொடங்கும் கோட்டை விரலால் காட்டினார். வெயில் இவ்வளவு நேராகக் காயவைக்குமா என்று கேட்டார். என் கைவேலை அவ்வளவு நேர்த்தி. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பரிசோதகர் என் கோட்டைப் பாராட்டினார்.

நான் முன்னால் போய், அடித்தது நான்தான் என்றேன். என்ன மருந்து, எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்கும் முன்பே, உள்ளே மூன்று வரிசையில் பட்டிருக்கிறது என்று பெரியக்கா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்த அம்மா எழுதிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வரிசையிலும் இலை எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டார். இலையைக் கிள்ளியிருந்தாலும் வாசலில் கிடந்த அந்தப் புல்லை எங்கே கொண்டுபோய் ஒளித்திருப்போம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மூன்று வரிசைக்குச் சான்றிதழ் இல்லை. அவற்றுக்கு மூன்று வருடம் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணவேண்டும். வேலியோரம் அடர்த்தியாக உயிர்வேலி நடவேண்டும். மற்ற வரிசைகள் தேறிவிட்டன. வெட்டாமல் தப்பிய அந்த இரண்டு வரிசையும் சேர்த்துத்தான்.

நான் ராஜினாமாக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். பெரியக்கா வாங்கிப் படித்தார். மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தார்.

"நீங்க போயிட்டா அந்த மூனு வரிசைய யாரு பாக்குறது? மூனு வருஷம்ணே. ஒரு புல்லுகூடக் கிள்ளக்கூடாது."

சிறைக்கு அனுப்பியிருந்தால் சீக்கிரம் விட்டிருப்பார்கள்.

மறுநாளிலிருந்துதான் காலை ஏழு மணித் தேநீரில் ஒரு புது வழக்கம் வந்தது. முந்தின நாள் தான் செய்த தவறை அவரவரே சொல்லவேண்டும். பெரியக்காதான் முதலில் தொடங்குவார். யாரும் ஏசக்கூடாது. சிரிக்கலாம். உங்களுக்கு அந்த வழக்கம் தெரியும், ஆறு பேரும் அதில் உட்காருகிறீர்கள். ஓய்வு பெற்ற பிறகும் தேநீருக்கு மட்டும் நான் வந்துவிடுகிறேன். உங்கள் முறை வரும்போது ஆறு பேரும் ஒரே மாதிரி, "ஒன்னும் இல்ல அங்கிள்" என்கிறீர்கள். ஆறு பேர், ஒரு நாள் முழுக்க வேலை, ஒரு தவறும் இல்லை. அலமாக், நான் எப்படிப்பட்ட ஆட்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன்.

அந்த மூன்று வரிசையும் போன வருடம் தேறின. அந்தப் பழத்தை மட்டும் தனியாகப் பிழிந்து, ஆயர் ஈத்தாமில் வாங்கிய எட்டு ஜாடிகளில் சின்னவர் ஊற வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு ஜாடி புளித்துக் காடியாகிவிட்டது. மருந்து பட்ட கொடிதானே, பழத்திலேயே கோளாறு, மற்ற ஏழும் இப்படித்தான் போகும் என்று அவர் முடிவுக்கு வந்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அந்த வரிசைகளைப் பிடுங்கிவிடலாம் என்கிறார்.

ஒரே பழம், ஒரே நாளில் பிழிந்தது. ஏழு நன்றாக இருக்கின்றன. ஒன்று கெட்டிருக்கிறது. ஜாடியின் மூடியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் விளிம்பு ஒன்று உண்டு. அதில் தண்ணீர் வற்றினால் காற்று உள்ளே போகும். அதில் தினமும் தண்ணீர் ஊற்றுவது உங்கள் ஆறு பேரின் முறைவேலை. யாரோ ஒரு நாள் மறந்திருக்கிறீர்கள். சின்னவரிடம் இதைச் சொன்னேன். யார் மறந்தது, எந்த நாள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. உங்களில் ஒருவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஏழு ஜாடியையும் கொட்டுகிறார்கள். அன்று காலைத் தேநீர் வழக்கம் போல ஏழு மணிக்கு.